சித்தப்பாவுக்கு நான் போட்ட புள்ளிக்கோடு

மூன்று வருடமாகத் தேடிச் சேர்த்த எங்கள் குடும்பக் கொடிவழியை, அதாவது வம்சாவளி மரத்தை, ஒரு பிடிஎஃப் கோப்பாக்கி, ராத்திரி பதினோரு மணிக்குக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டுப் படுத்தேன். ஆறு தலைமுறை, 94 பேர், அதில் 31 பேருக்குப் படம். காலையில் எழுந்து பார்த்தால் கைதட்டலும் இதயமுமாகக் குழு நிரம்பிக் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஏழு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். சித்தப்பா மகள். "அக்கா, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் ரெண்டு கோடு போகுது?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் உரிமைதான் இல்லை என்று அந்த நொடியில் உறைத்தது. போனை வைத்தவள் அதற்கப்புறம் ஏழு மாதம் என்னிடம் பேசவில்லை.

கொடிவழி தேடுவது பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தேடும் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எந்தப் பதிவேடு, எந்த மென்பொருள், எந்தப் பரிசோதனை என்று. தேடியதைச் சொந்தக்காரர்கள் கையில் கொடுக்கும் பாதியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அடிபட்டது அங்கேதான். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்த பிறகு அவர் பீரோவைக் காலி செய்தபோது தாத்தாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. வரவு செலவுக்கு நடுவே ஒரு பக்கத்தில் மட்டும் பிள்ளைகள் பிறந்த விவரம். பெயர் கிடையாது. ஆண், பெண், தேதி, கிழமை, மணி, அவ்வளவுதான். ஆறு வரிகள் இருந்தன. "நாங்க அஞ்சு பேர்" என்றுதான் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரி: 'ஆண், 14-3-1940, வியாழன், பகல் 11'. அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு. எழுத்து கறுப்பு மை, கோடு நீலம். பிறந்து இறந்த குழந்தையாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் முதல் தப்பு அதுதான்.

இரண்டாவது தப்பு பெரியது. கையில் அப்படி ஒரு நோட்டு இருக்கும்போது, உயிரோடு இருக்கும் பெரியவர்களை விட்டுவிட்டு இணையத்தில் போய் உட்கார்ந்தேன். கட்டணத் தளம் ஒன்றில் வருடச் சந்தா கட்டினேன். நம்மவர்களின் பதிவேடு அதில் ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ரத்து செய்ய மறந்ததில் சந்தா இரண்டு முறை தானாகவே புதுப்பித்துக்கொண்டது. அதுபோக, தேடித் தருகிறேன் என்ற ஒருவருக்கு மாதச் சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து அவர் அனுப்பியது யாரோ இணையத்தில் போட்டு வைத்திருந்த கொடிவழியின் நகல். அதில் என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஏழு வயதில் பிள்ளை பிறந்திருந்தது.

காசு கட்டும் முன் அந்தத் தளத்தில் என்னென்ன தொகுப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் ஆட்கள் வாழ்ந்த இடமும் காலமும் அதில் இல்லையென்றால் தளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. ஃபேமிலிசர்ச் என்ற கொடிவழித் தளத்துக்குக் கட்டணமே கிடையாது. அவர்கள் உலகம் முழுக்கப் பழைய பதிவேடுகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021இல் முழுவதுமாக மின்மயமாக்கி முடித்தார்கள். ஆனால் அங்கேயும் ஒரு சங்கதி உண்டு. படமெடுத்த எல்லாப் பக்கங்களுக்கும் பெயரை வைத்துத் தேடும் பட்டியல் கிடையாது. பெயரைப் போட்டுத் தேடி 'எதுவும் இல்லை' என்று வந்தால், இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பதிவேட்டைத் திறந்து, புத்தகம் புரட்டுவதுபோல ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கலாம். இது தெரியாமல் நான் கைவிட்ட தேடல்கள் எத்தனையோ.

இன்னொன்று, மற்றவர்கள் போட்டு வைத்த மரங்களை நம்பி இணைப்பது. தளம் 'இவர் உங்கள் முன்னோராக இருக்கலாம்' என்று காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படி நாற்பது பேரை ஒட்டிக்கொண்டேன். பதினோரு தலைமுறைக்கு மேலே ஓர் அரசன்வரை போய்விட்டது. ரொம்ப சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். அப்புறம்தான் கணக்கு புரிந்தது. பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். முப்பது தலைமுறையில் அது நூறு கோடியைத் தாண்டிவிடும். அன்றைக்கு உலகத்தில் அவ்வளவு ஜனமே இல்லை. ஆக, அதே ஆட்கள்தான் பல வழியில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். போதுமான தூரம் பின்னால் போனால் ஏதாவது ஓர் அரசன் எல்லார் வீட்டுக் கொடியிலும் மாட்டுவான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவதுதான் பெரும்பாலான அரச வம்சங்களின் ரகசியம். தாய்க்கும் பிள்ளைக்கும் வயது வித்தியாசம் பன்னிரண்டுக்குக் கீழேயோ ஐம்பதுக்கு மேலேயோ வந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பிரித்தெடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

கடைசியில் ஒருவழியாகப் பெரியவர்களிடம் போனேன். அப்பாவின் அக்கா, என் அத்தைக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. முதல் நாள் நாற்பது கேள்விகள் எழுதிக்கொண்டு போய்ப் போலீஸ்காரர் மாதிரி வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ஞாபகம் இல்லையே" என்றார். மறுமுறை கேள்வித்தாளை வீட்டில் வைத்துவிட்டு நான்கு படங்களை மட்டும் எடுத்துப் போனேன். இரண்டு மணி நேரம் நிறுத்தவே இல்லை. 'எந்த வருஷம்' என்று கேட்டால் வராதது, 'உங்களுக்குக் கல்யாணம் ஆனதுக்கு முன்னாடியா பின்னாடியா' என்று கேட்டால் வந்துவிடும். நடுவில் அந்த நோட்டைக் காட்டி மூன்றாவது வரியைக் கேட்டேன். அத்தை விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, "இவனா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் இருக்கான்" என்றார். உடனே மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், குளிர்கிறதாம். நான் எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து வேறு படத்தைக் காட்டினேன்.

'இருக்கான்.' நிகழ்காலம். எட்டு மாதம் கழித்து, அன்றைக்கு எடுத்த ஒலிப்பதிவை முதல்முறையாகத் திரும்பக் கேட்டபோதுதான் என் காதில் விழுந்தது. அப்போது அத்தை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் எடுத்த பதிவில் பாதிக்கு மேல் அந்த மின்விசிறியின் சத்தம்தான். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: பதிவு செய்ததை அதே வாரத்தில் திரும்பக் கேளுங்கள். முடிந்தவரை எழுதி வையுங்கள். தொடக்கத்திலேயே தேதி, பேசுகிறவர் பெயர், கூட யார் இருக்கிறார்கள் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய ஆளைத் தேடிப் போவதற்கு முன், இப்போது இருப்பவர்களில் அதிக வயதானவர் வீட்டுக்குப் போங்கள். பதிவேடு பத்து வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

அத்தையின் அந்த ஒரு சொல்லுக்கப்புறம் நோட்டை மறுபடி எடுத்தேன். கிழமை எழுதியிருந்தது எவ்வளவு பெரிய வரம் என்று அப்போதுதான் தெரிந்தது. தேதியும் கிழமையும் சேர்ந்திருந்தால் பழைய நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியவர்களுக்குப் பெரும்பாலும் கிழமை இடிக்கும். 14-3-1940 வியாழக்கிழமையேதான். ஆறில் ஐந்து வரிகள் அப்படியே பொருந்தின. கடைசி வரி மட்டும் '9-11-1947, சனி, இரவு 3' என்றிருந்தது. நாட்காட்டியில் அது ஞாயிறு. ஆனால் விடிவதற்கு முந்தைய நேரத்தை முந்தின நாளின் கிழமையாகவே சொல்கிறவர்கள் நிறைய உண்டு. அதனால் அதுவும் தவறில்லை. ஆக, தாத்தா அந்தந்தச் சமயத்திலேயே எழுதியிருக்கிறார். அழித்ததுதான் பிற்பாடு நடந்தது.

தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், பெரிய தாத்தா. அவருக்கும் பெரிய பாட்டிக்கும் ஒரே பிள்ளை, அவர்தான் சித்தப்பா. அப்பாவைவிட நாலு வயது சின்னவர். அப்பா 1936. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. நம் மொழியில் அப்பாவின் கூடப்பிறந்த தம்பியும் சித்தப்பாதான், அப்பாவுடைய பெரியப்பாவின் பிள்ளையும் அப்பாவுக்கு இளையவர் என்றால் சித்தப்பாதான். இரண்டு பேருடைய பிள்ளைகளும் எனக்கு அண்ணன், தங்கைதான். பெரிய தாத்தாவுக்குக் குழந்தை இல்லாமல் தம்பி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தபோது, எங்கள் தலைமுறையில் யாரும் யாரையும் கூப்பிடும் முறை மாறவே இல்லை. எண்பது வருஷமாக யாரும் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மென்பொருளுக்குத்தான் இது பத்தவில்லை. அது 'யார் வயிற்றில் பிறந்தவர்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் அதன் பேச்சைக் கேட்டேன். இதன் மறுபக்கமும் உண்டு. உறவுகளைக் குறிக்கும்போது 'அங்கிள்' என்று எழுதி வைத்துக்கொண்டால் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். சொன்னவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எழுதிக்கொண்டு, பக்கத்தில் 'கூடப்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா' என்று ஒரு கேள்வி மட்டும் போட்டு வையுங்கள்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் யாரிடமாவது பேசியிருக்க வேண்டும். பேசாமல் டிஎன்ஏ பரிசோதனைக்குப் போனேன். இந்தப் பகுதியை எழுதத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது. சித்தப்பா மகனிடம், "அண்ணா, நம்ம பூர்வீகம் என்னன்னு பார்ப்போமே, சும்மா" என்று சொல்லி ஒரு பெட்டியைக் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே குழாயில் துப்பிக் கொடுத்தான். எதைச் சோதிக்கிறேன் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த முறைப்படி அவனும் நானும் இரண்டு சகோதரர்களின் பேரப்பிள்ளைகள். அப்படியென்றால் எங்களுக்குள் பொதுவாக இருக்க வேண்டிய டிஎன்ஏ ஏறத்தாழ மூன்று சதவீதம். பொதுவான டிஎன்ஏவை அளக்கும் சென்டிமார்கன் என்ற அளவில் சராசரி சுமார் 230. இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள் என்றால் பன்னிரண்டரை சதவீதம், சராசரி சுமார் 870. எங்களுடையது 880ஐத் தாண்டியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்த எண் மட்டும் எந்த உறவு என்று சொல்லாது. அப்பாவோடு தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவான சித்தப்பா, பாட்டியின் தங்கை என்று பன்னிரண்டரை சதவீதம் வரக்கூடிய வேறு உறவுகளும் இருக்கின்றன. நோட்டும் அத்தை பேச்சும் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்கக் கூடாது. அதேபோல, தூரம் போகப் போக எதுவும் பொருந்தவில்லை என்றால் உறவே இல்லை என்றும் ஆகாது. கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருந்தவர்களில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பரிசோதனையில் பொதுவாக எதுவுமே அகப்படாது. அப்புறம், துப்பியவர் தனக்கு மட்டும் துப்பவில்லை. எச்சிலை வாங்கி டிஎன்ஏ பரிசோதனை செய்யும் 23 அண்ட் மீ நிறுவனத்தில் 2023இல் நடந்ததைப் பாருங்கள். வேறு இடங்களில் களவு போன கடவுச்சொற்களை வைத்து உள்ளே புகுந்தவர்கள் நேரடியாகத் திறந்தது சுமார் 14,000 கணக்குகளைத்தான். உறவினரைக் காட்டும் வசதி வழியாக அவர்கள் கைக்குப் போனது ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது, எங்கள் எச்சில் யாருக்கு விற்கப்படப்போகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டியதாயிற்று. சோதிக்கச் சொல்லும் முன் என்னென்ன வெளிவரலாம் என்று சொல்லிவிடுங்கள். 'எதிர்பாராத அண்ணன் வரலாம், எதிர்பார்த்த அப்பா போகலாம்' என்று அண்ணனிடம் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவன் வேண்டாம் என்று சொல்லியிருப்பான் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை.

நடுவில் வேறொரு கூத்து. இனியும் சந்தா வேண்டாம் என்று தளத்தை விட்டு வெளியே வர, என் தரவை எல்லாம் கெட்காம் கோப்பாக இறக்கினேன். கொடிவழித் தரவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் கோப்பு வடிவம் அது. 1984இல் வந்த அந்த வடிவத்தைத்தான் இன்றைக்கும் அநேகமாக எல்லாக் கொடிவழி மென்பொருளும் புரிந்துகொள்கிறது. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் அதை ஏற்றினேன். பெயர்கள் வந்தன, தேதிகள் வந்தன, படம் ஒன்றுகூட வரவில்லை. பழைய கெட்காமில் படம் இருக்காது, படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். 2021இல் வந்த ஏழாம் பதிப்பில் படங்களையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டும் வழி இருக்கிறது, ஆனால் நான் இருந்த தளம் பழைய வடிவத்தையே கொடுத்தது. இதைக் கவனிப்பதற்குள் கணக்கை மூடிவிட்டேன். போனில் இடம் பத்தவில்லை என்று அசல் படங்களை முன்பே அழித்திருந்தேன். நான்கு வீடுகளுக்கு மறுபடி போய் அசடு வழிந்தபடி ஆல்பத்தைக் கேட்டேன். மூன்றில் கிடைத்தது. நான்காவது வீட்டில் வெள்ளை அடித்தபோது பழைய ஆல்பத்தை எல்லாம் குப்பையில் போட்டிருந்தார்கள். அத்தை பதினேழு வயதில் ஒரு சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறத் தெரிந்தவர் மாதிரி நிற்கும் படம் அதில்தான் இருந்தது. இனி அது எங்கும் இல்லை. படத்தை முதலில் உங்கள் கணினியிலும் வேறொரு வட்டிலும் வையுங்கள், அப்புறம் தளத்தில் ஏற்றுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பாதி விவரம் பென்சிலில் பின்னால்தான் இருக்கும்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்க எனக்கு உதவிய ஒரு பழைய வழி உண்டு. 1590இல் மிக்கேல் ஐட்ஸிங்கர் என்பவர் அச்சிட்ட முறை. நான் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அவர் அம்மா. 4 அப்பாவின் அப்பா, 7 அம்மாவின் அம்மா. எவ்வளவு மேலே போனாலும் குழம்பாது. அழகான கணக்கு. அந்தக் கணக்கில் ஒருத்தருக்கு ஒரே ஓர் அம்மாதான் என்பது மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். மென்பொருளில் சித்தப்பாவை என் தாத்தா பாட்டிக்குப் பிள்ளையாக மாற்றினேன். வளர்த்த பெற்றோர் என்ற இடத்தில் பெரிய தாத்தாவையும் பெரிய பாட்டியையும் போட்டேன். முழுக்கோடு ஒரு பக்கம், புள்ளிக்கோடு ஒரு பக்கம் என்று அதுவே வரைந்துகொண்டது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். 'உண்மைதானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன். மூன்று வருஷம் தனியாக உட்கார்ந்து தேடியவளுக்குக் கண்டுபிடித்ததை அடக்கி வைக்க முடியவில்லை, அதுதான் நிஜம்.

தங்கை கூப்பிட்டதும் குழுவிலிருந்து அழித்தேன். அதற்குள் இருபது பேர் இறக்கியிருந்தார்கள், ஒருவர் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரிலேயே ஒட்டிவிட்டார். பத்து மணிக்கு, கல்யாணத்தில் மட்டுமே பார்க்கும் ஒரு சொந்தக்காரர் கூப்பிட்டு, "அப்போ பெரியவரோட வீட்டுல இவருக்கு எப்படி உரிமை வந்துச்சு?" என்று கேட்டார். என் ரத்தம் உறைந்துவிட்டது. நான் வரைந்தது வெறும் ஞாபகக் குறிப்பு. ஆனால் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் அதைச் சொத்துப் பத்திரமாகவேதான் படிப்பார். யாருக்கு யார் வாரிசு என்ற கண்ணோடு பார்க்கிறவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மத்தியானம் அண்ணன் ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: "இதுக்குத்தானா அந்தக் குழாய்?" சாயங்காலம் வேறொரு தம்பி, தன் மனைவியின் பிறந்த தேதி, பிறந்த வீட்டுப் பெயர், மாமியார் பெயர் எல்லாம் எதற்குப் பொதுவில் இருக்கிறது, வங்கியில் கேட்கும் கேள்விகளுக்கு இதுதானே விடை என்று சண்டைக்கு வந்தான். அவன் சொன்னதும் சரிதான்.

அந்த ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் இப்போது செய்கிறேன். என்னிடம் இரண்டு கொடிவழி இருக்கிறது, ஒன்று எனக்கு, ஒன்று கொடுப்பதற்கு. கொடுப்பதில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயரும் இடமும் மட்டும். தேதி கிடையாது. பல மென்பொருள்களில் உயிரோடிருப்பவரை மறைத்து ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிட்டும் நானே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுகிறேன். தத்து, மறுமணம், பிரிவு, பெயர் சொல்லாத குழந்தை, இப்படி எது வந்தாலும் சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போய், தனியாக, முதலில் கேட்கிறேன். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம். குழுவில் மொத்தமாகப் போடுவதே இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் அவரவர் பகுதியை மட்டும் தாளில் அச்சடித்து, மூலையில் தேதி போட்டு, ஒரு பேனாவோடு கொடுத்துவிடுகிறேன். 'விவரம் அனுப்புங்கள்' என்று படிவம் அனுப்பியபோது ஒருத்தர்கூட நிரப்பவில்லை. தப்பும் காலிக் கட்டமுமாகத் தாளைக் கொடுத்தால் உடனே மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "யார் சொன்னா இவ மூத்தவன்னு?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் குறித்துக்கொள்கிறேன்.

எட்டாவது மாதம் சித்தப்பாவே கூப்பிட்டார். "வாம்மா, அந்தத் தாளை எடுத்துட்டு வா. நோட்டையும் எடுத்துட்டு வா." போகும் வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். அவர் அதைக் கேட்கவே விடவில்லை. தாளை மேசையில் விரித்து, தன் கட்டத்திலிருந்து விரலை ஓட்டினார். "எனக்குப் பன்னெண்டு வயசுலயே தெரியும். எங்கம்மாதான் சொன்னாங்க. பிள்ளைங்ககிட்ட நான் சொல்லல, அது என் தப்பு, நீ அதுக்கு அழாத" என்றார். விரல் புள்ளிக்கோட்டுக்கு வந்தது. "இது என்ன?"

வளர்த்தவர்கள் என்றால் மென்பொருள் அப்படித்தான் போடும் என்றேன்.

"எனக்கு டைபாய்டு வந்தப்ப இருபத்தோரு நாள் தூங்காம உக்காந்திருந்தவளுக்கு நீ புள்ளி வெச்சிருக்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முழுக்கோடாக்கினார். கை நடுங்கியதால் கோடு கொஞ்சம் பெரிய பாட்டியின் பெயருக்குள்ளேயே ஓடிவிட்டது. இன்னொரு பக்கம் இருந்த முழுக்கோட்டை என்ன செய்ய என்று கேட்டேன். "அதுவும் இருக்கட்டும். அவளும் பெத்தாளே" என்றார். உள்ளேயிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். பேசவில்லை, ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. அண்ணன் விஷயம் இன்னும் சரியாகவில்லை. அவன் தன் கணக்கையும் மாதிரியையும் அழிக்கச் சொல்லி எழுதி வாங்கிவிட்டான். அதற்கான படிவத்தை நிரப்பியதுகூட நான்தான், அவன் அருகில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டான்.

சித்தப்பா கடைசியாக நோட்டைத் திறக்கச் சொன்னார். மூன்றாவது வரியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "எழுத்து அவரோடது. கோடு அவர் போட்டது இல்ல. பாரு, எழுதிப் பழகாத கை" என்றார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. நான் மையின் நிறத்தைத்தான் பார்த்திருந்தேன்.

நோட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. 600 டிபிஐயில் எடுத்த ஸ்கேன் என்னிடம் மூன்று இடத்தில் இருக்கிறது.